கராஜ் கதவு கத்துகிறதா? ஸ்பிரே டப்பாவை எடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கனடாவிலோ அமெரிக்காவிலோ புறநகரில் முதல் வீடு வாங்கிக் குடிபோனவர்கள் சீக்கிரமே கேட்கிற கேள்வி இது: கராஜ் கதவு ஏன் இப்படிக் கத்துகிறது, அதற்கு என்ன எண்ணெய் போடுவது? டொரன்டோவைச் சுற்றி பிராம்ப்டன், மில்டன், ஏஜாக்ஸ் பக்கம் பல வீடுகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கும், அதற்கு நேர் மேலேயே ஒரு படுக்கையறையும் இருக்கும். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் ஒருவர் வந்து பட்டனை அழுத்தினால் மேலே தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரும்தான் எழுந்திருப்பார், மரியாதைக்குச் சொல்லாமல் இருப்பார்.

சத்தம் வந்ததும் எல்லோரும் கூரையில் தொங்குகிற மோட்டார் பெட்டியை, அதாவது ஓப்பனரைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். பல நூறு டாலர் செலவழித்துப் புது ஓப்பனர் மாட்டி, அதற்கப்புறமும் அதே கடகடப்பு கேட்கிற வீடுகள் உண்டு. ஏன் என்றால் கதவின் எடையைத் தூக்குவது மோட்டார் இல்லை. 16 அடி அகலம், 7 அடி உயரமுள்ள இரட்டைக் கார் இரும்புக் கதவு சுமார் 60 முதல் 100 கிலோ வரை இருக்கும். அந்த எடையைத் தாங்குவது கதவுக்கு மேலே கம்பியில் சுற்றியிருக்கும் ஸ்பிரிங். சில வீடுகளில் அது இரண்டு பக்கமும் டிராக்கை, அதாவது கதவின் சக்கரங்கள் ஓடுகிற தகரப் பாதையை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். மோட்டார் கதவை லேசாக இழுக்கிறது, தள்ளுகிறது, அவ்வளவுதான். எனவே சத்தத்தில் பெரும்பங்கு கதவின் ரோலர் (அந்தச் சக்கரங்கள்தான்), கீல், ஸ்பிரிங், பேரிங் இவற்றிலிருந்து வருகிறது. பல ஓப்பனர்களின் கையேட்டிலேயே "ரோலருக்கும் பேரிங்குக்கும் கீலுக்கும் எண்ணெய் போடுங்கள், ஓப்பனருக்கு எதுவும் வேண்டாம், டிராக்கில் கிரீஸ் தடவாதீர்கள்" என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

முதல் வேலை: கதவா, ஓப்பனரா என்று பிரிப்பது

காரை வெளியே எடுத்துவிடுங்கள். கதவை முழுவதும் மூடுங்கள். இது முக்கியம், கதவு திறந்திருக்கும்போது அடுத்த காரியத்தைச் செய்யாதீர்கள். ஓப்பனரிலிருந்து கதவுப் பக்கம் நீளும் ரெயிலிலிருந்து சிவப்புக் கைப்பிடியோடு ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்தால் கதவுக்கும் ஓப்பனருக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகும். ஸ்பிரிங் உடைந்த நிலையில், கதவு மேலே இருக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்தால் முழு எடையும் தடதடவென்று கீழே வரும். அதனால்தான் மூடிவிட்டுச் செய்யச் சொல்கிறேன். இழுப்பதற்கு முன் மேலே ஸ்பிரிங்கை ஒரு பார்வை பாருங்கள். சுருள்களுக்கு நடுவே இரண்டு அங்குலம்போல வெற்றிடம் தெரிந்தால் அது உடைந்த ஸ்பிரிங். அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கயிற்றை இழுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கையாலேயே மெதுவாகத் தூக்குங்கள். பலகைகள் சேருகிற இடுக்கில் விரலை வைக்கவேண்டாம், கதவு வளையும்போது அந்த இடுக்கு மூடி விரலை நசுக்கிவிடும். கையால் தூக்கும்போதும் அதே சத்தம் வருகிறதா? அப்படியானால் கோளாறு கதவில். கதவு அமைதியாக ஏறி இறங்கி, பட்டனை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் ஓப்பனரையும் அதைக் கூரையில் மாட்டியிருக்கும் விதத்தையும் பார்க்கவேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமல்தான் முக்கால்வாசிப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

கையோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். கதவைப் பாதி உயரத்துக்கு, இடுப்பளவு, தூக்கிக் கையை மெல்லத் தளர்த்துங்கள், முழுவதும் விட்டுவிடாமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் சரியான இறுக்கத்தில் இருக்கிறது. சரசரவென்று கீழே இறங்கினாலோ, தானாக மேலே போனாலோ சமநிலை போய்விட்டது. அந்தக் கதவோடு மல்லுக்கட்டித்தான் மோட்டார் முனகுகிறது. எத்தனை டப்பா ஸ்பிரே அடித்தாலும் அது தீராது, ஸ்பிரிங்கைச் சரிசெய்ய ஆள் வரவேண்டும். சாதாரண ஸ்பிரிங்குகள் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதற்கு என்று கணக்கிட்டுச் செய்யப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏறத்தாழ 7 ஆண்டு. பழைய வீடு வாங்கியவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கேட்டே பாதி கண்டுபிடிக்கலாம்

கிறீச்சென்று இழுத்து வருகிற சத்தம் காய்ந்துபோன கீல் அல்லது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று உரசுவது. இதுதான் எண்ணெய்க்கு உடனே அடங்கும். கடகடவென்று சீராக வந்தால் தேய்ந்த ரோலர், குறிப்பாக இரும்பு ரோலர். ஒரே இடத்தில் மட்டும் டக்கென்று அடித்தால் அங்கே ஒரு கீல் விரிசல் விட்டிருக்கும், இல்லை ஒரு திருகு தளர்ந்திருக்கும், இல்லை டிராக்கின் இணைப்பில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். கதவு கிளம்பும்போதும் நிற்கும்போதும் மேலே சளசளவென்று ஏதோ அடித்துக்கொண்டால் ஓப்பனரின் செயின் தொய்ந்திருக்கிறது. கீழே இருப்பவருக்குப் பெரிதாகக் கேட்காமல் மாடியறையில் மட்டும் கும்மென்று உறுமினால், மோட்டாரின் அதிர்வு கூரை மரங்கள் வழியாக ஏறுகிறது என்று அர்த்தம். நடு இரவில் யாரும் கதவைத் தொடாதபோதே துப்பாக்கி வெடித்தாற்போல் டமாரென்று ஒரு சத்தம் கேட்டு, காலையில் கதவைத் தூக்கவே முடியவில்லை என்றால் ஸ்பிரிங் போய்விட்டது. குளிர்ந்த இரவுகளில் இது நடக்கும், பயந்து போலீசைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

என்ன வாங்குவது

எல்லார் வீட்டிலும் நீல மஞ்சள் டப்பாவில் டபிள்யூடி-40 இருக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். வேண்டாம். 1953-இல் சான் டியாகோவில் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான். அதில் இருக்கிற கரைப்பான் ஏற்கெனவே இருக்கிற கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்த அன்று கதவு பேசாமல் இருக்கும், சில வாரத்தில் முன்னைவிடச் சத்தமாகக் கத்தும். அழுக்கைத் துடைக்க அது நல்ல பொருள்தான், அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனம் சிலிகோன் ஸ்பிரேயும் வெள்ளை லித்தியம் கிரீஸும் தனியாக விற்கிறது, டப்பாவின் பெயரை முழுசாகப் படித்து வாங்குங்கள்.

கனேடியன் டயர், ஹோம் டிப்போ, ரோனா எதில் போனாலும் கராஜ் கதவுக்கென்றே ஸ்பிரே கிடைக்கும், 10 முதல் 15 டாலருக்குள் வரும். வெள்ளை லித்தியம் கிரீஸ் இரும்போடு இரும்பு உரசுகிற இடத்துக்கு நல்லது, ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அதே ஒட்டும் குணத்தால் தூசியையும் இழுக்கும், கடுங்குளிரில் கெட்டியாகும். மைனஸ் 20 வரை போகிற ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது சிலிகோன் ஸ்பிரேதான். பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்காது, குளிரிலும் இளக்கமாக இருக்கும். அடிக்கடி போடவேண்டி வரும் என்பது மட்டும்தான் குறை. ஒரே ஒரு டப்பா வாங்குவதென்றால் மெல்லிய குழாய் வைத்த சிலிகோன் ஸ்பிரே வாங்குங்கள்.

இதோடு பழைய துணி, உறுதியான ஏணி, திருகு முடுக்க 7/16 அங்குல சாக்கெட் போட்ட ரேட்செட் (பெரும்பாலான கீல் திருகுகளுக்கு இந்த அளவு சரியாக இருக்கும்), தரையில் விரிக்க அட்டை. சிலிகோன் தரையில் விழுந்தால் வழுக்கும், கார் கண்ணாடியில் பட்டால் துடைத்து மாளாது. கராஜுக்குள் எரிவாயுவில் ஓடும் வாட்டர் ஹீட்டர் இருந்தால் நெருப்பருகே ஸ்பிரே அடிக்காதீர்கள், டப்பாவில் இருக்கிற வாயு தீப்பிடிக்கக்கூடியது.

தொடக்கூடாதவை

இதை நடுவில் வைக்காமல் தலைப்பிலேயே போட்டிருக்கவேண்டும். ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கிற கூம்புத் திருகுகள், கதவின் அடிமூலையில் கம்பிக்கயிறு மாட்டியிருக்கிற தகடு, ஸ்பிரிங்கை நடுவில் சுவரோடு பிடித்திருக்கிற தகட்டின் திருகுகள், இந்த மூன்றிலும் ஸ்பானரே படக்கூடாது. சில கதவுகளில் இவற்றுக்கு எச்சரிக்கையாகச் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள், சாயம் இல்லாவிட்டாலும் விதி அதேதான். கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும், அது விடுபட்டால் கை எலும்பை உடைக்கும், உயிரையே எடுத்த விபத்துகளும் நடந்திருக்கின்றன. எண்ணெய் அடிக்கலாம், திருகைத் தொடக்கூடாது. கம்பிக்கயிற்றில் இழை பிரிந்து முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஆள் கூப்பிடுகிற விஷயம். பக்கவாட்டில் நீளும் வகை ஸ்பிரிங் என்றால், அதன் உள்ளே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் அறுந்தால் பறந்து வராமல் பிடிப்பது அதுதான். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

சரி, இனி வேலை

ஓப்பனரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் பட்டனை அழுத்தினால் ஏணியில் நிற்பவர் கதி அதோகதி.

முதலில் டிராக். ரோலர்கள் ஓடுகிற இரண்டு பக்கத் தகரப் பாதையையும் உள்பக்கம் துணியால் துடைத்தெடுங்கள். பழைய கிரீஸ், மணல், சிலந்திக்கூடு, குளிர்காலத்து உப்புப் பொடி எல்லாம் கறுப்பாக அப்பியிருக்கும். துடைத்துவிட்டு அப்படியே காய்ந்த நிலையில் விட்டுவிடுங்கள். டிராக்கில் எண்ணெய் போடுவதுதான் புதிதாகச் செய்பவர்களின் முதல் ஆசை, ஆனால் ரோலர் அதில் உருளவேண்டும், வழுக்கக்கூடாது. எண்ணெய் பட்ட டிராக் தூசியைப் பிடித்துப் பசையாகி, ரோலரை உருளவிடாமல் இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் திருகுகள். கீல்களைக் கதவோடு பிடித்திருக்கிற ஒவ்வொரு திருகையும் ரேட்செட்டால் லேசாக இறுக்குங்கள். கதவு தினமும் அதிர்வதால் இவை தளரும், பாதிச் சத்தம் இதிலேயே அடங்கிவிடுகிற வீடுகளும் உண்டு. முரட்டுத்தனமாக முறுக்கினால் மெல்லிய தகட்டில் துளை பெரிதாகி அப்புறம் திருகு பிடிக்கவே பிடிக்காது, எனவே பிடித்தவுடன் விட்டுவிடுங்கள்.

இப்போது ஸ்பிரே. கீலில் அச்சு சுழலும் மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் குழாயை வைத்து ஒரு சின்ன அழுத்து. ஓரத்துக் கீல்களில் ரோலரின் தண்டு நுழைகிற குழல் இருக்கும், அதிலும் ஒரு சொட்டு. ரோலரைப் பார்த்துத்தான் அடுத்தது: இரும்புச் சக்கரத்தில் நடுவே சின்னச் சின்ன குண்டுகள் தெரிந்தால் அந்த இடைவெளியில் ஸ்பிரே அடித்துச் சக்கரத்தை விரலால் சுற்றிவிடுங்கள். நைலான் சக்கரத்தில் பேரிங் மூடப்பட்டிருந்தால் எதுவும் வேண்டாம், திறந்திருந்தால் பேரிங்கில் மட்டும் துளி, நைலான் மேல் படாமல்.

மேலே ஸ்பிரிங்குக்கு, முழு நீளத்துக்கும் மேல்பக்கமாக மெல்லிய ஒரு படலம் அடித்தால் போதும், சுருள்களுக்குள் தானே இறங்கும். கீழே சொட்டுவது கதவில் வழியாமல் துணியைப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பியின் இரு முனையிலும் சுவரோரம் பேரிங் தகடுகள் இருக்கும், நடுவிலும் ஒன்று இருக்கும், அவற்றின் உள்வளையத்தில் ஒரு அழுத்து. நீளும் வகை ஸ்பிரிங் என்றால் கப்பியின் அச்சுக்கு. ஓப்பனர் கையைக் கதவோடு சேர்க்கிற ஊசிகளுக்கும் ஒரு சொட்டு போடுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தரையோரம் எதிரெதிராக இருக்கிற சென்சார் கண்களில் மட்டும் ஸ்பிரே படக்கூடாது. காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கதவைக் கையால் இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள், எண்ணெய் உள்ளே போகும். பிறகு வெளியே வழிந்ததையெல்லாம் துடைத்துவிடுங்கள். நிறையப் போட்டால் நிறைய நாள் வரும் என்பது இதில் பொய்க்கணக்கு.

ரோலரை மாற்றினால் கிடைக்கிற அமைதி

எண்ணெய் போட்டும் கடகடப்பு நிற்கவில்லையென்றால் என் கை முதலில் போவது ரோலருக்கு. வீடு கட்டுகிறவர்கள் மலிவான ரோலரைத்தான் போட்டுவிட்டுப் போவார்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தண்டில் தளதளவென்று ஆடினால் அதன் காலம் முடிந்தது. 7 அடிக் கதவு பெரும்பாலும் நான்கு பலகைகளால் ஆனது, பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து ரோலர் இருக்கும். மூடிய பேரிங் வைத்த 2 அங்குல நைலான் ரோலர் செட்டாகக் கிடைக்கும். தண்டின் நீளம் பழையதைப் பார்த்து வாங்குங்கள், சாதாரணமாக 4 அங்குலம் இருக்கும்.

கதவு மூடியிருக்க, ஒரு கீலை மட்டும் கழற்றி, ரோலரை டிராக்கிலிருந்து சாய்த்தெடுத்து, புதியதை நுழைத்து, கீலை மறுபடி இறுக்கிவிட்டு அப்புறம்தான் அடுத்த கீல். இரண்டை ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கீல்களில் 1, 2, 3 என்று எண் பதித்திருக்கும், 1 கீழே, மேலே போகப்போக எண் கூடும், ஒவ்வொன்றின் உயரமும் வேறு. மாற்றி மாட்டினால் கதவு டிராக்கோடு இழுபடும். அடிமூலை ரோலர் இரண்டும் கயிறு மாட்டிய தகட்டில் இருப்பவை, அவற்றை விட்டுவிடுங்கள். மற்ற எட்டை மாற்றினாலே காதுக்கு வித்தியாசம் தெரியும். மீதி இரண்டை ஸ்பிரிங் பார்க்க வருகிற ஆளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சத்தம் ஓப்பனரில்தான் என்றால்

செயின் வகையில் முதலில் தொய்வு. கதவு மூடியிருக்கும்போது செயின் நடுவில் கொஞ்சம் தொங்குவது இயல்பு, கதவைத் திறந்ததும் நேராகிவிட்டால் அதைத் தொடாதீர்கள். ரெயிலில் இடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் இறுக்குங்கள், எவ்வளவு தொய்வு விடவேண்டும் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும், அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். வீணைத் தந்திபோல முறுக்கினால் பல்சக்கரமும் மோட்டார் பேரிங்கும் சீக்கிரம் தேயும். செயின் காய்ந்து துருப்பிடித்திருந்தால் துணியில் லித்தியம் கிரீஸ் எடுத்து லேசாக ஒரு பூச்சு. பெல்ட் வகைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், வழுக்கிவிடும். ஸ்குரூ வகை, அதாவது ரெயிலுக்குள் நீளமாக மரையுள்ள கம்பி சுழலும் பழைய மாடல், இதற்கு மட்டும் தயாரிப்பாளர் சொல்கிற குளிர் தாங்கும் கிரீஸ் கட்டாயம் வேண்டும், அது காய்ந்தால்தான் ரம்பம் அறுப்பது போன்ற சத்தம்.

மோட்டார் உறுமுகிறது ஆனால் செயின் அசையவில்லை, பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் தூள் கொட்டிக் கிடக்கிறது என்றால் பல்சக்கரம் தேய்ந்துபோயிருக்கிறது. செயின் வகை ஓப்பனர்களில் இது பழைய வியாதி, பல மாடல்களுக்கு அந்தச் சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு ஓப்பனரையும் தூக்கிப் போடவேண்டியதில்லை.

மாடியறை உறுமலுக்கு மருந்து ரப்பர். மோட்டாரைக் கூரையோடு பிடித்திருக்கிற துளைபோட்ட இரும்புப் பட்டைகளின் போல்ட்டுகளை முதலில் இறுக்குங்கள். அதன் பிறகும் உறுமினால், பட்டைக்கும் கூரை மரத்துக்கும் நடுவே அதிர்வு தாங்கும் ரப்பர் துண்டுகளை வைத்து மாட்டலாம், கடையில் செட்டாகக் கிடைக்கும். இன்னொருவர் கீழே மோட்டாரைத் தாங்கிப் பிடிக்காமல் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

முடித்துவிட்டுக் கட்டாயம் செய்யவேண்டியது

கதவைக் கீழே இறக்கி, பிளக்கைப் போட்டு, பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில், சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவித்த கொக்கி தானாகவே மாட்டிக்கொள்ளும். பின்பு கதவு இறங்கும்போது சென்சார் கண்களுக்கு நடுவே ஒரு துடைப்பத்தை நீட்டுங்கள், கதவு உடனே திரும்பி மேலே போகவேண்டும். அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டு ஓப்பனர்களில் இப்படி ஒரு பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம், குழந்தைகள் கதவுக்கடியில் சிக்கி இறந்ததால் வந்த சட்டம் அது. சென்சார் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இன்னொரு சோதனை: டூ-பை-ஃபோர் என்று கடையில் விற்கிற மரச்சட்டத்தின் ஒரு துண்டைக் கதவு இறங்குமிடத்தில் படுக்கவைத்துக் கதவை மூடுங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பவேண்டும். திரும்பாமல் அழுத்திக்கொண்டே நின்றால் ஓப்பனரின் விசையைக் குறைக்கவேண்டும், குறைத்தும் திரும்பவில்லையென்றால் ஆளைக் கூப்பிடும்வரை அந்த ஓப்பனரை உபயோகிக்காதீர்கள். கதவு கனமாக இருக்கிறது என்று விசையைக் கூட்டி ஒப்பேற்றுகிறவர்கள் இந்தச் சோதனையில்தான் மாட்டுவார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் போதும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொண்டால் மறக்காது. நவம்பரில் செய்யும்போது கதவின் அடியிலுள்ள ரப்பர் பட்டையைத் துடைத்து, துணியில் சிலிகோன் தெளித்து அதன் மேல் ஒரு தடவு தடவிவிடுங்கள், உருகிய பனி உறைந்து பட்டை தரையோடு ஒட்டிக்கொள்வது குறையும். அப்படியும் ஒரு காலையில் ஒட்டிக்கொண்டால் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், பட்டை கிழியும், இல்லை பல்சக்கரம் போகும். சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, பனி செதுக்குகிற பிளாஸ்டிக் கரண்டியால் ஓரமாகக் குத்தி விடுவித்துக் கையால் தூக்குங்கள்.